நான் எழுதிய முதல் மனு

போன சனிக்கிழமை திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ்ஸில் வரும்போது வைக்கோல் கருகும் வாசனை அடித்தது. அறுவடை மெஷின் போன வயலில் யாரோ தீ வைத்திருந்தார்கள். வகுப்பில் என்ன சொல்ல வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. நினைவுகளை எழுதக் கற்றுக்கொடுக்கிற ஆளுக்கு இது அழகில்லைதான்.

இரண்டு புத்தகங்களில் என் வாழ்க்கையை எழுதிவிட்டேன். பத்து வருஷமாக ஒரு நூலகத்து மாடியில் மற்றவர்களுக்கும் சொல்லித் தருகிறேன். "பார்த்ததை மட்டும் எழுதுங்க" என்பது முதல் பாடம். உங்கள் முதல் எழுத்து எது என்று கேட்பவர்களிடம், கல்லூரி மலரில் வந்த கவிதை என்பேன். பொய். அது ஒரு போலீஸ் மனு.

கழக ஆட்சி வந்த புதிது. கூலிக்கும் குத்தகைக்கும் ஊருக்கு ஊர் தகராறு. என் சித்தப்பா அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார். மறுநாள் உச்சிவெயிலில் அவருடைய வைக்கோல் போர் எரிந்தது. யார் வைத்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பி.ஏ. முடித்து, வேலை கிடைக்காமல், அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"மாரிமுத்து வச்சான்னு எழுது. அவன்தான் சங்கத்துல முன்னாடி நிக்கிறான்."

"நான் பாக்கலியே சித்தப்பா."

"பாத்த மாதிரி எழுது. ஒனக்குத்தான் எழுத வருமே."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பாராட்டில் மயங்கிவிட்டேன். மாரிமுத்து பீடியைக் கடைசி இழுப்பு இழுத்து, பீடித்துண்டைப் போருக்குள் செருகிவிட்டு, முண்டாசை இறுக்கிக்கொண்டு வரப்பில் நடந்துபோனதாக எழுதினேன். மூன்று தடவை அடித்துத் திருத்தி, கீழே சாட்சி என்று என் பெயரையும் போட்டேன். மறுநாளே மாரிமுத்துவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கு நிற்கவில்லை. ஆனால் திரும்பி வந்தபோது வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. பிறகு அவர் நெற்கட்டு தூக்கவே இல்லை.

வேலை கிடைத்து நான் வெளியூர் போனேன். ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வருவார். "நல்லாருக்கீங்களா தம்பி?" என்பார். மனுவை எழுதியது நான் என்று படிக்கத் தெரியாதவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். என் இரண்டு புத்தகங்களிலும் அந்தப் பகல் கிடையாது.

போன வருஷம் செல்வி என்கிற ஓய்வுபெற்ற நர்ஸ் வகுப்பில் சேர்ந்தார். ஒருநாள் தன் அப்பாவைப் பற்றி எழுதியதை வாசித்தார்: கை எழும்பாததால் மகளைத் தரையில் உட்காரவைத்துச் சடை பின்னிவிட்ட அப்பா. எங்கள் ஊர்ப் பெயர் வந்ததும் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன். எல்லோரும் கிளம்பியதும் சொல்லிவிட்டேன்.

"அந்த மனுவை எழுதினது நான்."

"தெரியும் சார். ஸ்டேஷன்ல அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுனாங்களாம், சாட்சி பேரோட. அன்னிக்கு அவரு கூத்தாநல்லூர்ல அத்தை வீட்டுல இருந்தாரு. ஆனா ஒங்க மனு வரிக்கு வரி அவருக்கு மனப்பாடம். 'பீடியே குடிக்காதவன் கையில பீடியக் குடுத்துட்டாரு தம்பி. எழுத்து மட்டும் நல்லாத்தான் இருக்கு'ன்னு சிரிப்பாரு."

"அதுக்காகத்தான் இங்க வந்தீங்களா?"

"இல்ல சார். எனக்கு எழுதணும், அவ்வளவுதான்."

அவரைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன்.

"அப்பா போயி ரெண்டு வருஷமாச்சு சார்."

அதன்பிறகு மூன்றாவது புத்தகத்தைத் தொடங்கினேன். மனுவைத் தேடி அந்த ஸ்டேஷனுக்குப் போனால், பழைய கட்டடமே இல்லை. அந்தக் காலத்துக் காகிதம் எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கோ அதில் பாதி வரிகள் ஞாபகமில்லை. முழுசாகத் தெரிந்த ஒருவர், வருஷக்கணக்காக பஸ் ஸ்டாண்டில் என்னை நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.