நடுவர்கள் வந்த மெட்னி ஷோவும் ஒரு சின்ன றீலும்

"செல்வம், இண்டைக்கு வன்ஸ்மோர் கிடையாது. சனம் கூரையைப் பிரிச்சாலும் கிடையாது. விளங்கிச்சோ?"

தியேட்டர் மனேச்சர் படம் ஓட்டும் கபினுக்குள் வந்து இப்படிச் சொன்னபோது நான் மெசின் விளக்குக்குக் காபன் குச்சி மாற்றிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் டைரக்டர் யோகநாதன் பேயறைந்த முகத்தோடு நின்றார். கொழும்பிலிருந்து பரிசுத் தெரிவுக்கு வந்த மூன்று நடுவர்களும் பல்கனியில் இருந்துவிட்டார்கள்.

படம் வந்த கதை

யோகநாதன் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். மூதூருக்கு ஓடும் லோஞ்சுப் படகில் வேலை செய்துகொண்டே கலியாண வீடு, மேடை, வானொலி என்று பாடிப் பேரெடுத்த காசிம் நானாவின் வாழ்க்கையை அவர் படமாக எடுத்தார். பெயர் 'கொட்டியாரத்துப் பாட்டுக்காரன்'. எடிட்டிங்கும் அவரேதான். நடித்தவர்கள் எல்லாம் எங்கள் திருகோணமலை ஆட்கள்.

கொழும்புத் தியேட்டர்காரர் பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை. "பரிசு ஒண்டோட வா தம்பி, பிறகு கதைப்பம்" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் தியேட்டரில் மட்டும் ஓடியது. பரிசு கிடைக்காவிட்டால் மூன்று வருட உழைப்பு எங்கள் ஊரோடு முடிந்தது.

அந்தக் கிழமை ஜெட்டியிலும் தேத்தண்ணிக் கடையிலும் இதே கதைதான். சிறந்த படம் என்றார்கள் சிலர். சிறந்த பாட்டு என்றார்கள் சிலர். எங்கள் மனேச்சரின் நடையைப் பார்த்தால் சிறந்த மனேச்சருக்கும் ஒன்று இருக்கும் போலிருந்தது.

காசிம் நானா மட்டும் படம் பார்க்க வரவில்லை. தன் உம்மாவின் மையத்து அடக்கத்தைத் திரையில் பார்க்க ஏலாது என்றுவிட்டார்.

என்னுடைய வித்தை

இப்போது மெசின் ஓட்டும் பிள்ளைகளுக்கு வன்ஸ்மோர் தெரியாது. பாட்டுப் பிடித்துவிட்டால் சனம் "வன்ஸ்மோர்" என்று கத்தும். திருப்பிப் போடாவிட்டால் கதிரைகள் தப்பாது. றீலைத் திருப்பிச் சுற்றும்வரை தியேட்டர் இருட்டில் கிடக்கும், எனக்கு ஏச்சு விழும்.

இந்தப் படத்தின் தோணிப் பாட்டுக்கு ஒவ்வொரு ஷோவிலும் கேட்டார்கள். நல்ல காலத்துக்கு, விளம்பரத்துக்கென்று அந்தப் பாட்டு மட்டும் ஒரு சின்ன றீலில் தனியாக வந்திருந்தது. அதை இரண்டாவது மெசினில் ஏற்றி வைத்திருப்பேன். சனம் கத்தினதும் முதல் மெசினை மூடி இரண்டாவதைத் திறப்பேன். திரை இருளாது. பாட்டு முடிய மறுபடி முதல் மெசின். இந்த வித்தையில் எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம் உண்டு.

அன்றைய மெட்னி

பகல் ஷோவுக்கு மூதூரிலிருந்து லோஞ்ச் நிறையச் சனம் வந்திருந்தது. தோணிப் பாட்டு முடிந்ததும் கீழே இடிமுழக்கம். "போடு! போடு!" நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். போடவில்லை. மனேச்சர் கீழே ஓடி ஓடிக் கும்பிட்டு ஒருவாறு அடக்கினார். அடுத்து பாட்டுக்காரனின் உம்மா கண்மூடி மௌத்தாகும் காட்சி. சத்தம் தானாக ஓய்ந்தது.

நான் கபின் சுவர் ஓட்டை வழியாக நடுவர்களின் தலைகளைப் பார்த்தபடி நின்றேன். மையத்து அடக்கத்தோடு அந்த றீல் முடியும். திரையின் மூலையில் றீல் மாற்றச் சொல்லும் புள்ளி விழுந்ததும் வழக்கம்போல் இரண்டாவது மெசினைத் திறந்தேன்.

தோணிப் பாட்டு வந்தது!

பழக்கத்தில் மத்தியானமே ஏற்றி வைத்த சின்ன றீல். கழற்ற மறந்துபோனேன். அடுத்த றீல் இன்னும் தகரப் பெட்டிக்குள். நிறுத்தினால் இருட்டு, நிறுத்தாவிட்டால் மானக்கேடு. கை மட்டும் தன்பாட்டில் அடுத்த றீலை முதல் மெசினில் ஏற்றிக்கொண்டிருந்தது.

யோகநாதன் படியேறி ஓடி வந்தார். "செல்வம் அண்ணை, என்னைக் கொன்றுபோட்டீங்களே!"

"கீழ பாருங்கோ" என்றேன்.

ஒரு விசில் இல்லை. சற்றுமுன் கத்தின அதே ஆட்கள் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். புதைத்துவிட்டு வந்த கையோடு, உம்மா உயிரோடிருந்தபோது பாடின அதே சந்தோசப் பாட்டு. பல்கனியில் மூத்த நடுவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

படம் முடிந்து வாசலில் அவர் யோகநாதனின் கையைப் பிடித்தார். "மையத்துக்குப் பிறகு அந்தப் பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தீங்களே, எப்படி ஐயா யோசிச்சீங்க?"

யோகநாதன் என்னைப் பார்த்தார். நான் கூரையில் சுற்றின ஃபேனைப் பார்த்தேன்.

"அது... நானும் ஒப்பரேற்றரும் சேர்ந்து..." என்று இழுத்தார்.

பரிசு

சிறந்த படமும் இல்லை, சிறந்த பாட்டும் இல்லை. படத்தொகுப்புக்குப் பரிசு! வானொலியில் செய்தி கேட்ட யோகநாதன் கந்தோர் உடுப்போடு ஜெட்டியில் ஆடினார். கொழும்பில் தியேட்டர் கிடைத்தது. அந்தச் சின்ன றீலை நானே என் கையால் படத்தோடு ஒட்டினேன். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

பரிசைக் கொண்டாடப் போட்ட ஷோவுக்குத்தான் காசிம் நானா முதன்முதல் வந்தார். படம் முடிந்ததும் மூச்சு வாங்க கபினுக்கு ஏறி வந்தார்.

"தம்பி, இத ஆரு உங்களுக்குச் சொன்ன?"

"எதை நானா?"

"உம்மாவ அடக்கிட்டு வந்த அந்தியில, தனியத் தோணியில போய் இந்தப் பாட்டத்தான் படிச்சேன். உம்மாக்கு இதுதான் விருப்பம். மையத்து வீட்டுக்காரன் பாட்டுப் படிக்கிறான் எண்டு சனம் ஏசும். ஒருத்தருக்கும் சொல்லல்ல. டைரக்டருக்கும் சொல்லல்ல."

"ஆரும் சொல்லேல்லை நானா. நான் விட்ட பிழை" என்றேன்.

அவர் சிரித்தார். கண் நிறையத் தண்ணீரோடு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு ஏன் அழுதேன் என்று தெரியவில்லை.

மெசின் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பிழை விட்டால் உடனே பதறி நிறுத்தாதேங்கோ. முதலில் கீழே இருக்கிற சனத்தைப் பாருங்கோ. அன்றைக்கு நான் நிறுத்தியிருந்தால், அந்த மனுசன் அந்த அந்தியைத் தன் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு போயிருப்பார்.