கார்பன் எடுத்த சொந்தப் படம்

போட்டோ கிளப்பில் அவருக்குக் கார்பன் என்று பேர். வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. கூப்பிட்டால் திரும்புவார், சிரிப்பார், "சொல்லுங்க" என்பார். நாற்பத்தேழு வயது, முன்மண்டையில் வழுக்கை, விரல் இடுக்கில் எந்நேரமும் கொஞ்சம் வெள்ளைத் தூள். பவுடர் என்று நினைத்துவிடாதீர்கள், அது பல்செட்டு செய்கிற பிளாஸ்டர்.

ஆமாம், மனிதர் பல்செட்டு செய்கிறவர். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, முழு வாயையும் செய்து திருப்பி அனுப்புவார். மருந்துக்கடைக்கு மேலே ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு வளைகழுத்து விளக்கு, சுவரோரம் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கிற பிளாஸ்டர் வாய்கள். இருபத்து மூன்று வருஷமாக இதே வேலை. "பழைய செட்டு மாதிரியே வேணும்" என்று சீட்டு வந்தால் அச்சு அசலாக அப்படியே வரும். லேசாகக் கோணியிருந்த பல்லைக்கூட அதே கோணலோடு நடுவார். அந்தத் தொழிலில் காப்பியடித்தால் கெட்டிக்காரர் என்று பேர். போட்டோ எடுக்கப் போனதில்தான் வம்பு.

கேமரா அவர் வாங்கியதில்லை. மனைவியின் அண்ணன் வேலை மாற்றலாகிப் போகும்போது, "சும்மா கிடக்குது, வெச்சுக்கோங்க மாப்ள" என்று கொடுத்துவிட்டுப் போனது. கேமரா வந்துவிட்டது, எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை. தெரிந்த வித்தையைக் கையில் எடுத்தார். பத்திரிகையில் நல்ல படம் ஒன்றைப் பார்த்தால் அதன்மேல் பட்டர் பேப்பரை வைத்துக் கோடு இழுப்பார், நிழலை ஸ்கேல் வைத்து அளப்பார், விளக்கு எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று கண்டுபிடிப்பார், அப்புறம் அதே படத்தை வீட்டில் எடுப்பார். முள்கரண்டியும் அதன் நிழலும். மழைத் தண்ணீரில் தலைகீழாக நிற்கும் கட்டடம். ஜன்னலோரம் கோப்பையோடு நிற்கும் பெண். கடைசியாகச் சொன்னதற்கு மனைவி வேண்டும்.

"எவளோ ஒருத்தி எங்கயோ ஜன்னல்ல நின்னா, அதுக்கு நான் ஏன் நிக்கணும்? டீ வேற ஆறிப் போச்சு."

"ஆறட்டும்மா. அந்தப் படத்துல ஆவி இல்ல."

"என் தலையில வருது பாருங்க ஆவி, அதை எடுங்க!"

ஒன்று சொல்லவேண்டும். மனிதர் எதையும் ஒளித்ததில்லை. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் "பார்த்து எடுத்தது" என்று எழுதி, யாருடைய படத்தைப் பார்த்து என்பதையும் எழுதிவிடுவார். கிளப்பில் அதைப் படித்துவிட்டு, "கார்பன் காப்பி" என்று சிரிப்பார்கள். இவரும் கூடச் சிரிப்பார். சிரிப்பாரே தவிர உள்ளுக்குள் ஒரு ஏக்கம் இருந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு படம்கூட அவர் கண்ணில் முதலில் பட்டு எடுத்ததில்லை. ஒன்றே ஒன்று, யாரையும் பார்க்காமல், தானாகத் தோன்றி எடுத்தால் போதும் என்று இருந்தார்.

அது ஒரு வியாழக்கிழமை வந்தது. ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற டாக்டரிடம் ஒரு செட்டைக் கொடுத்துவிட்டு, மேம்பாலப் படிக்கட்டு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். கூட்டம் இறங்கியது. வழிவிட்டு ஒரு தூணில் சாய்ந்து நின்றார். மேலே இரண்டு கூரைத் தகடுகளுக்கு நடுவே ஒரு விரிசல். மணி ஐந்தேகால். விரிசல் வழியாக வெயில் ஒரே ஒரு கோடாகப் படிக்கட்டின் குறுக்கே விழுந்திருந்தது. மற்ற இடமெல்லாம் மங்கல், அந்தக் கோடு மட்டும் பளீரென்று.

இறங்கி வந்த ஆள், ஆபீஸ் பையும் அவசரமுமாக வந்த ஆள், அந்தக் கோடு வந்ததும் காலைக் கொஞ்சம் உயர்த்தித் தாண்டி வைத்தார். வெறும் வெளிச்சம்! மிதித்தால் என்ன ஆகிவிடும்? ஆனாலும் தாண்டினார், தாண்டியது அவருக்கே தெரியாது. பின்னால் வந்தவரும் தாண்டினார். அதற்குப் பின்னால் வந்த அம்மாவும் தாண்டினார். கார்பனுக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. தோள்பையிலிருந்து கேமராவை எடுத்தது எப்போது என்று அவருக்கு ஞாபகமில்லை. கோட்டுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிற ஒரு கால். ஒரே ஒரு படம்தான் எடுத்தார், அதோடு போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவியிடம் காட்டினார். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"இது யாரைப் பார்த்து?"

"யாரையும் இல்லம்மா."

"அடேங்கப்பா!" என்றாள். கிண்டலே இல்லாமல் சொன்னாள். பிரிண்டின் பின்பக்கத்தை அவர் வெறுமையாகவே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிளப் கூடியது. நூலகத்து மாடி ஹால், நீளமான மேஜை, பச்சைத் துணி ஒட்டிய பலகை. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு ஆளுக்கொரு படத்தை உறையில் போட்டுக் கொண்டுவருவார்கள், செயலாளர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பலகையில் குத்துவார். செயலாளர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. ஆறாவது உறையில் புது உறுப்பினரின் படம் இருந்தது. ரயில் நிலையத்தில் வண்டி வருகிற விவரம் சொல்கிற அம்மா அவர். ஊரே தினமும் கேட்கிற குரல், முகம்தான் யாருக்கும் தெரியாது. அவர் படத்தில் ஒரு படிக்கட்டு, குறுக்கே ஒரு வெளிச்சக் கோடு, அதற்கு மேலே அந்தரத்தில் ஒரு கால்.

ஏழாவது உறை கார்பனுடையது.

மாஸ்டர் பிரித்தார், பார்த்தார், அதன் பக்கத்திலேயே குத்தினார். ஒரே தூண், ஒரே கோடு, ஒரே உயரத்தில் கால். ஒன்றில் செருப்பு, ஒன்றில் ஷூ, அவ்வளவுதான் வித்தியாசம்.

"போன தடவை டீ குடிக்கிறப்பவே இவங்க போன்ல எல்லாருக்கும் காட்டினாங்களே," என்றார் யாரோ.

"நான் பார்க்கலைங்க," என்றார் கார்பன். "எங்க இருந்தேன்னு... பிஸ்கட் தட்டுக்கிட்ட இருந்தேன். சத்தியமா பார்க்கலை."

யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. சிரித்தார்கள், முதுகில் தட்டினார்கள். அறிவிப்பு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கிளப்புக்கு அவர் கொண்டுவந்த முதல் படம் அது.

மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார்: "மத்த படத்துல எல்லாம் எழுதுவீங்களே, இதுலயும் எழுதிடுங்க. 'பார்த்து எடுத்தது.' ரெண்டு வார்த்தை, விஷயம் முடிஞ்சுது. எழுதலைன்னா கிளப் விதிப்படி உறுப்பினர் பட்டியல்ல இருந்து பேரை எடுக்கிறதைத் தவிர வேற வழி இல்ல. அடுத்த கூட்டத்துக்குள்ள சொல்லுங்க."

இரண்டு வார்த்தைதான். எத்தனையோ தடவை எழுதிய கை. மறுநாள் வேலை மேஜையில் பிரிண்டைக் கவிழ்த்துப் போட்டுப் பென்சிலை வைத்துப் பார்த்தார், நகரவில்லை. நகராததோடு போனால் பரவாயில்லை, அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. பார்த்திருப்பேனோ? பிஸ்கட்டை எடுக்கும்போது யாரோ கையில் இருந்த போன் ஓரக்கண்ணில் பட்டிருக்குமோ? பார்த்ததை மனசு மறந்துவிட்டு, கண் மட்டும் ஞாபகம் வைத்திருக்குமோ? தன் கண்ணையே நம்ப முடியாமல் போனால் மனிதன் யாரைப் போய்க் கேட்பான்? அன்றைக்கு மேல்வாய்ப் பல்லைக் கீழ்வாயில் நட்டுவிட்டு, பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை கதவருகே அந்தக் குரல் கேட்டது. எந்தப் பிளாட்பாரம் என்று கேட்கத் தோன்றும் குரல்.

"உள்ள வரலாமா சார்?"

உட்கார ஸ்டூல் கொடுத்தார். அந்த அம்மா சுவரோரம் இருந்த வாய்களைப் பார்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "உண்மையைச் சொல்லிடுங்க. பார்த்து எடுத்தேன்னு சொன்னாக்கூட நான் கோவிச்சுக்க மாட்டேன். எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

"எனக்கே தெரியலை மேடம்," என்றார். "பார்க்கலைன்னுதான் நினைக்கிறேன். ஆனா ரெண்டு நாளா என்னையே என்னால நம்ப முடியலை."

அந்த அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்தார். பிறகு, "நாளைக்கு அஞ்சு மணிக்கு ஸ்டேஷன் பாலத்துக்கு வாங்க. மாஸ்டரையும் வரச் சொல்றேன். எங்க நின்னு எடுத்தீங்கன்னு காட்டுங்க," என்றார்.

புதன்கிழமை மூன்று பேரும் போனார்கள். மாஸ்டர் கழுத்தில் கேமரா, முகத்தில் பரீட்சைக் கண்காணிப்பு. கார்பன் தூணைக் காட்டி, அதில் சாய்ந்து நின்றார்.

"நானும் அங்கதான்," என்றார் அறிவிப்பு அம்மா மெதுவாக. பக்கத்தில் வந்து பார்த்தார். தூணில் தோள் உயரத்துக்குப் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. இன்றைக்கு நேற்றுத் தேய்ந்ததில்லை அது.

கோடு விழுந்தது. வண்டி வந்தது, கூட்டம் இறங்கியது. தாண்டினார்கள், ஒருவர் விடாமல் தாண்டினார்கள். போனில் பேசிக்கொண்டு வந்தவர், புத்தகப்பை சுமந்த பெண்கள், கைத்தடி ஊன்றிய பெரியவர், எல்லோரும். பெரியவர் முதலில் தடியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்து, பிறகு காலைத் தூக்கினார். கார்பன் ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே நின்றார். தன் வழக்கே மறந்துவிட்டது.

பெட்டி சுமந்து வந்த போர்ட்டர் ஒருவர் இவர்களைப் பார்த்து நின்றார். "என்ன, வெயிலை எடுக்க வந்தீங்களா? இன்னும் நாலஞ்சு நாள்தான் இருக்கும். அப்புறம் வெயில் நகர்ந்துடும்." பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, விரிசல் விட்ட போனைத் துடைத்து நீட்டினார். "நான் போன வருஷமே எடுத்துட்டேன்."

மூன்று தலைகளும் குனிந்தன. படிக்கட்டு, கோடு, அதற்கு மேலே ஒரு வெறுங்கால்.

"இதை யாராவது உங்களுக்குக் காட்டினாங்களா?" என்று கேட்டார் அறிவிப்பு அம்மா.

"காட்டணுமா என்ன? தூண்ல சாஞ்சா தெரியுதே. எங்க ஆளுங்க நாலஞ்சு பேர் போன்ல இதேதான் இருக்கு. ஒருத்தன் எடுத்தது இன்னொருத்தனுக்குத் தெரியாது, ஒரு நாள் பேச்சுவாக்குல எடுத்துக் காட்டிச் சிரிச்சோம்." பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அவரும் கோட்டைத் தாண்டிப் போனார்.

அறிவிப்பு அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் ஒருத்திதான் பார்த்தேன்னு இருந்தேன் சார்," என்றார். கார்பனும் அப்படித்தான் இருந்தார். அந்தப் பெருமை இப்போது போய்விட்டது, ஆனால் போன இடத்தில் ஏமாற்றம் வரவில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஒருவருக்கொருவர் முகம் தெரியாத இத்தனை பேர், இதே தூணில் சாய்ந்து, இதே வெளிச்சத்தைப் பார்த்து மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். அதில் அவரும் ஒருத்தர். காப்பியாக வரவில்லை, தன் காலால் நடந்து வந்து தன் கண்ணால் பார்த்த ஒருத்தர். பயம் அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது.

மாஸ்டர் ஒத்துக்கொள்கிற ஆளா? தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதெல்லாம் சரி. ஆனா விதின்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

அப்போது ஒரு பெண் இறங்கி வந்தாள். ஒரு கையில் பை, ஒரு கையில் குழந்தை. கோட்டருகே வந்ததும் காலைத் தூக்கினாள். அதோடு, அவள் பாட்டுக்கு யோசனையே இல்லாமல், குழந்தையின் கையைப் பிடித்து மேலே தூக்கி அதையும் கோட்டைத் தாண்ட வைத்தாள். குட்டிக் கால்கள் இரண்டும் வெளிச்சத்துக்கு மேலே மிதந்து அந்தப் பக்கம் இறங்கின.

கிளிக்.

கார்பன் திரும்பினார். அறிவிப்பு அம்மாவும் திரும்பினார். மாஸ்டரின் கேமரா அவர் முகத்தில் இருந்தது. மெதுவாக இறக்கினார். காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

"நான்... உங்க ரெண்டு பேர் படமும் அந்த நேரத்துல என் மனசுலயே இல்ல," என்றார். மைக் வேண்டாத அந்தக் குரல் அப்போது பக்கத்தில் நின்றவர்களுக்கே பாதிதான் கேட்டது. "பார்த்து எடுக்கணும்னு எடுக்கலை. அந்தப் பொண்ணு தூக்கினா, கை தானா போயிடுச்சு. நம்புங்க சார்."

சார்! பதினோரு வருஷத்தில் அந்த வாயிலிருந்து முதல் சார். கார்பன் அந்த முகத்தைப் பார்த்தார். திருதிருவென்று விழித்துக்கொண்டு, யாராவது நம்பிவிட மாட்டார்களா என்று காத்திருக்கிற முகம். நான்கு நாளாகக் கண்ணாடியில் அவர் பார்த்துக்கொண்டிருந்த முகம்.

"நம்புறேன் மாஸ்டர்," என்றார். "குழந்தை காலும் விழுந்திருக்கா? காட்டுங்க, காட்டுங்க."