ஞாயிற்றுக்கிழமைக் கீரை

தண்டுக்கீரைக் கட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத்தான் பையில் போடுகிறார் ராகவேந்திரன். கீரைக்கு என்ன வாசனை என்று கேட்டால் முறைப்பார். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டின் மூன்றாவது மாடிக்காரர். சனிக்கிழமை சாயங்காலமே ஞாயிறுக்கும் சேர்த்து வாங்கிவிடுவார்.

எல்லாம் மகள் சாருலதாவோடு ஜெர்மனியில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த பிறகுதான். அங்கே ஞாயிறன்று கடைகளுக்கெல்லாம் விடுமுறை. அது தெரியாமல் முதல் ஞாயிறு தயிர் வாங்கப் போய், பூட்டிய கடைக் கதவைத் தட்டியிருக்கிறார்.

“ரசஞ்சாதத்தோட எழுந்துண்டேன் ஓய்! கோபமான கோபம். மறுநாள் பில் போடற பொண்ணு இங்கிலீஷ்ல சொன்னா, நேத்து முழுக்கக் கொழந்தையோட ஆத்துல இருந்தேன்னு. அந்த மூஞ்சில இருந்த சந்தோஷத்த நீர் பாத்திருக்கணும்!”

எங்கள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. லிஃப்டில் மாட்டியவர்களுக்கு இரண்டு முறை.

அதோடு விட்டாரா? வாசலில் கீரை விற்கும் ஜோதிலட்சுமிக்கு ஒரு நாளாவது ஓய்வு வேண்டும், ஞாயிறன்று யாரும் அவளிடம் வாங்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவைத்தார். நாங்களும் கேட்டுத் தொலைத்தோம். அந்த ஞாயிறு மத்தியானம் அவள் கீரை அத்தனையும் வாடிக் கிடந்தது.

“இன்னா சார் இது? ஞாயித்துக்கெயமதான் எனக்கு யாவாரமே. அல்லாரையும் வாங்காதன்னு சொல்லிக்கினு கீறியாமே! என் வூட்ல அடுப்பு எரிய வாணாமா?”

“உனக்கு ரெஸ்ட் வேணுமேன்னுதாம்மா...”

“தூங்கணும்னு எனக்கும் ஆசதான். நான் தூங்கினா யாரு விப்பா?”

அவர் முகம் சுண்டிப்போனது. நல்லது நினைத்து ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை கீழே இறங்கினேன். கீரைக் கட்டுகளுக்குப் பின்னால், சாக்கின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் ராகவேந்திரன். “நீ ஆத்துக்குப் போம்மா, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லியிருக்கிறார். அவள் வீட்டுக்குப் போகவில்லை. இவர் வியாபாரத்தின் மேல் நம்பிக்கை அவ்வளவுதான். சற்றுத் தள்ளி மரநிழலில் முந்தானையால் முகத்தை மூடிப் படுத்தவள், உடனே குறட்டைவிட ஆரம்பித்துவிட்டாள்.

வாங்க ஒருவரும் வரவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கூவினால்தானே வருவார்கள்? தொண்டையைச் செருமப் போனவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு மரத்தடியைப் பார்த்தார். பிறகு, அவள் தூக்கம் கலையாதபடி, மெல்லக் கூவினார்:

“கீரை... கீரை...”