செவ்வாய்க்கிழமை மிஸ்

அக்காவின் ஹைஸ்கூலில் வழிகாட்டலுக்கென்று ஓர் ஆசிரியை இருந்தார். எந்தப் பாடம் எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போகலாம், எந்தப் படிவத்தை எப்போது கொடுக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவருடைய வேலை. வாரத்தில் ஐந்து நாளும் அங்கேயே இருந்தவர், அரசாங்கம் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்த பிறகு மூன்று பள்ளிக்கூடங்களுக்குப் பொதுவாகிப் போனார். எங்களுக்குக் கிடைத்தது செவ்வாய் பின்னேரம், மூன்று மணியிலிருந்து ஐந்து வரை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குச் செவ்வாய்க்கிழமை மிஸ் என்று பெயர்.

அந்தக் குறைப்புச் செய்தியைக் கார் வானொலியில் கேட்டபோது அப்பா தலையாட்டியது எனக்கு நினைவிருக்கிறது. "காசை இறுக்கிப் பிடிக்கத்தானே வேணும்" என்றார். மில்லிக்கனில் வீடு வாங்கிய நாளிலிருந்து இறுக்கிப் பிடித்தே பழகிய மனிதர். யாரிடமிருந்து பிடிக்கப்போகிறார்கள் என்று அவரே கேட்கவில்லை. பின் இருக்கையில் இருந்த பத்து வயதுக்காரி நானா கேட்கப்போகிறேன்?

அக்காவுக்குப் பாலம் கட்டும் எஞ்சினியராக வேண்டும் என்று ஆசை. சும்மா ஆசை இல்லை; அறைச் சுவர் முழுக்கப் பாலங்களின் படங்களை ஒட்டி வைத்திருந்தாள். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகவியல் கட்டாயம். ஆனால் அதைப் படிப்பித்தவர் ஓய்வு பெற்றுப் போனதும், அவருடைய இடத்துக்கு ஆள் எடுக்கப் பணம் இல்லை என்று வகுப்பையே நிறுத்திவிட்டார்கள். ஒன்லைனில் எடுக்கலாம் என்றார்கள். பெற்றோரில் ஒருவர் நேரில் வந்து, மிஸ்ஸுக்கு முன்னால் கையெழுத்து வைக்கவேண்டும். பதிவுக்கு அந்த வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்பதால் அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு செவ்வாய்தான். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ட். அம்மாதான் போகவேண்டும்.

தமிழ்க் கடையில் கொடுத்த கலண்டரை அம்மா பார்த்தார். செவ்வாய், மூன்று முதல் நாலரை வரை ராகு காலம். வீடு வாங்கிய அன்று, ராகு காலம் கழியட்டும் என்று வக்கீலையே ஒரு மணி நேரம் காக்கவைத்தவர் அவர். பிள்ளையின் படிப்புக்கு வைக்கும் கையெழுத்தை மட்டும் அந்த நேரத்தில் வைத்துவிடுவாரா? நாலரைக்குப் பிறகு போனாலும் அரை மணி நேரம் இருக்கிறதே என்றார். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

அன்று என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா மூன்றரைக்கே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு பிளாசா. அங்கிருந்த டோனட் கடையில் இருந்தோம். எனக்கு ஹொட் சொக்லேட் கிடைத்தது, அலுப்படிக்காமல் இருக்க அம்மாவின் போனும் கிடைத்தது. அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தேவாரமாக இருக்கும்.

விளையாட்டில் நான் ஒரு கட்டத்தை வெல்லப் போகும் நேரம் பார்த்துத் திரையில் அக்காவின் பெயர் வந்தது. கோலை வெட்டினேன். உடனே திரும்பவும் வந்தது. கெதியாக வரச் சொல்லிக் கத்தப் போகிறாள், எப்படியும் நாலரைக்குப் போகத்தானே போகிறோம் என்று அதையும் வெட்டினேன். போனின் சத்தத்தை நான் முன்பே நிறுத்தியிருந்தேன். அம்மா ஒருமுறை திரும்பி, "அக்கா கோல் எடுத்தவளோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தக் கட்டத்தை வென்றும் விட்டேன்.

நாலரை தாண்டி இரண்டாவது நிமிடம் நாங்கள் அந்த அறை வாசலில் நின்றோம். கதவு பூட்டியிருந்தது. அக்கா படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். மற்றப் பள்ளிக்கூடத்தில் ஏதோ அவசரம் என்று மிஸ்ஸை நாலு மணிக்கே கூப்பிட்டுவிட்டார்களாம்.

"மிஸ் கோட்டும் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் உங்களுக்காக நிண்டவ. நான் ரெண்டு தரம் கோல் பண்ணினனான். நீங்கள் வேணுமெண்டுதான் எடுக்கேல்லை" என்றாள்.

அம்மா என் கையிலிருந்த போனை வாங்கினார். விரலால் தட்டிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, ராகு காலம் முடியட்டும் எண்டு நான்தான் எடுக்கேல்லை" என்றார் அக்காவிடம்.

மறுநாள் காலையில் அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்தவர் மிகவும் வருத்தப்பட்டாராம். ஆனால் மிஸ்ஸின் ஒப்புதல் இல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, அதை அவர் இங்கே வரும் நாளில்தான் வாங்கலாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த செவ்வாய் மிஸ் வந்தபோது பதிவு முடிந்திருந்தது. அடுத்த வருடம் செவ்வாய்க்கிழமையும் இல்லாமல் போய், அந்த அறையில் உடைந்த கதிரைகளை அடுக்கினார்கள் என்று கேள்விப்பட்டோம்.

அக்கா இப்போது அஜக்ஸில் இருக்கிறாள். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை. நல்ல வேலைதான். ஆனால் தன் மகனுக்கு முடியிறக்க அம்மா நாள் பார்த்தபோது, "உங்கட ராகு காலத்தால நான் பட்டது போதும்" என்று சொல்லிவிட்டாள். ஆயிரம் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டே மணி நேரம் என்று விதித்தவர்களை எங்கள் வீட்டில் ஒருவரும் திட்டியதில்லை. திட்டு வாங்க அம்மா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். அன்று கோலை வெட்டியது நான் என்று இன்றுவரை நானும் சொல்லவில்லை. அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

அந்தச் செவ்வாய், வீடு திரும்பும் பஸ்ஸில் அக்கா தள்ளிப் போய்த் தனியாக இருந்தாள். அம்மா வீடு வரும்வரை என் கையை விடவில்லை. அம்மாவுக்குப் போனில் வந்த கோல்களையெல்லாம் பார்க்கத் தெரியாது, நல்லகாலம் தப்பிவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு, நான் யன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.