ராத்தா என்ற சொல்லின் உரிமையாளர்கள்

கொழும்பில் எங்கள் கந்தோரின் கூட்ட அறையில் குளிரூட்டி எப்போதும் அளவுக்கு மிஞ்சித்தான் ஓடும். அந்த அறையில், நீள மேசைக்கு அந்தப் பக்கம், கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்த பெண்ணை நான் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டதும், வேறு யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கதவைப் பார்த்தார். பிறகுதான், "என்னயா மகள் கூப்பிட்ட?" என்று கேட்டார்.

எங்கள் ஊர் கற்பிட்டியில் அவருக்கு ராத்தா என்றுதான் பெயர். சொந்த அக்காவை நாங்கள் ராத்தா என்போம். இவரோ ஊர் முழுவதற்கும் ராத்தா. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் சனங்களோடு வந்தவர். முகாமில் பெரிய சட்டி வைத்து எல்லோருக்கும் சமைத்ததில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். என் உம்மாவும் அவரை ராத்தா என்பார், நானும் அப்படியே சொல்வேன், பள்ளிவாசல்துறையிலிருந்து மீன் கொண்டுவரும் தாடி நரைத்தவர்களும் அதையே சொல்வார்கள். முறை பார்த்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. யாரும் முறை பார்க்கவில்லை. கூனி இறாலைக் காயவைத்து வறுத்து, செத்தல் மிளகாயோடு இடித்து அவர் செய்த சம்பலும் ராத்தா சம்பல் ஆயிற்று. அதைப் போத்தலில் அடைத்துக் கடைகளுக்குப் போடத் தொடங்கியபோது லேபலில் அந்த ஒரு சொல்லைத்தான் அச்சடித்தார். வேறு எதை அச்சடிப்பது?

நான் வேலை செய்யும் சட்ட நிறுவனம் பேர்போன வர்த்தகக் குறிகளைப் பாதுகாக்கும் நிறுவனம். சவர்க்காரம், தேயிலை, செருப்பு என்று எங்கள் கட்சிக்காரரின் பெயரை வைத்து நாட்டின் எந்த மூலையில் யார் எதை விற்றாலும் எங்களிடமிருந்து நோட்டீஸ் போகும். நிறுவனத்தை நடத்தும் எங்கள் பெரிய சேருக்கு இந்தத் தொழில் வெறும் தொழில் இல்லை. கள்ளப் பால்மா குடித்து ஒரு குழந்தைக்கு ஏதும் நடந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும் என்று கேட்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும். அதுதான் தொல்லையே. கெட்ட மனிதராக இருந்திருந்தால் நான் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கட்சிக்காரர்களில் ஒரு பெரிய உணவுக் கம்பனி போத்தல் சம்பல் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மஞ்சள் மூடி, முக்காடு போட்ட ஒரு பெண்ணின் படம், பெயர் 'ராத்தா'. தொலைக்காட்சி விளம்பரம் எப்படிப் பிடித்ததென்றால், அந்தச் சொல்லின் பொருள் தெரியாத சிங்களப் பிள்ளைகள்கூட அதைப் பாடித் திரிந்தார்கள். கம்பனி அந்தப் பெயரைத் தனக்கென்று பதிந்திருந்தது. ராத்தா அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே விற்றவர், ஆனால் எங்கும் எதையும் பதியாதவர். நோட்டீஸ் போனது, அவர் வந்தார். தமிழ் தெரிந்தவள் என்று என்னை மொழிபெயர்க்க உட்கார வைத்தார்கள். உள்ளே போகுமுன் சேர் என்னிடம், "அவரை அந்தச் சொல்லால் கூப்பிட வேண்டாம், அது கட்சிக்காரருடையது" என்று சிங்களத்தில் சொன்னார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சேர் ஒளிவு மறைவு இல்லாமல்தான் பேசினார். முன்பே விற்று வந்ததைக் காட்டி வழக்காடலாம், விரும்பினால் வேறு சட்டத்தரணியைப் பாருங்கள் என்றார். நான் அதை ஒரு சொல் குறையாமல், வேண்டுமென்றே அழுத்திச் சொன்னேன். ராத்தா தலையாட்டினார். "கோடு, வழக்கு எண்டு கொழும்புக்கு ஏறி இறங்க எனக்கு ஏலா மகள். கூனி வாற காலத்துல நான் இங்க வந்து குந்தினா அத ஆரு காயப் போடுற?" பிறகு, "என்ட சொந்தப் பேரப் போட்டா இவங்களுக்குச் சரியாமா?" என்று கேட்டார். சேரின் முகம் மலர்ந்தது. உங்கள் பெயர் உங்களுடையது, அதை யாராலும் பறிக்க முடியாது என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அந்தச் சொல்லை இனி லேபலில் போடுவதில்லை என்ற பத்திரத்தில் ராத்தா சந்தோஷமாகக் கையெழுத்து வைத்தார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வழக்குக் கோப்பு ஒன்றை எடுத்தால் பாதியில் மூடுகிறேன். தேநீர் ஆறிப் போகிறது. சட்டப்படி எங்கே பிழை என்று தேடுகிறேன், ஒன்றும் அகப்படவில்லை. பிழை இருந்தால் சண்டையாவது பிடிக்கலாம்.

இந்தப் பெருநாளைக்கு ஊருக்குப் போனபோது கடைத்தெருவில் ராத்தாவைக் கண்டேன். புது லேபல் ஒட்டிய போத்தல்களைப் பையில் கட்டிக்கொண்டு நின்றார். கடைக்காரர் திருப்பிக் கொடுத்தவை. லேபலில் இருந்த அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

"வாங்கிப் போன ஆக்களும் கொண்டு வந்து தந்துட்டாங்க" என்றார் கடைக்காரர். "இது ஆரோ செஞ்ச கள்ளச் சாமானாம்."

ராத்தா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "கள்ளச் சாமானுக்கு எதிராத்தானே உங்கட கந்தோர் வழக்குப் பேசுற?" என்றார். "அப்ப என்ட கேச ஆரு பேசுற மகள்?"

நான் வாய் திறக்குமுன் பக்கத்து ஊர் எத்தாளையிலிருந்து பெண் ஒருத்தி கடைக்குள் வந்து, ராத்தா சம்பல் ஒன்று கேட்டாள். கடைக்காரர் ஒரு கணம் தயங்கிவிட்டு, கேட்டதைக் கொடுத்தார். கம்பனியின் மஞ்சள் மூடிப் போத்தல். அந்தப் பெண் அதை வாங்கிக்கொண்டு திரும்பியவள் ராத்தாவைக் கண்டு நின்றாள்.

"ராத்தா, குறை நினைக்காதீங்க. இப்ப உங்கட சம்பல் முந்தின மாதிரி இல்ல. உறைப்பே இல்ல."

ராத்தா அவள் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார்.

"ஓம் மகள்" என்றார். "அடுத்த முறை கூட்டிப் போடுறன்."