நீலக் கோட்டுக்காரியின் கண்கள்

எங்கள் வீட்டில் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை.

யாரும் தடை விதித்ததில்லை. அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. ஆயினும் பதினான்கு ஆண்டுகளாக அந்தக் கேள்வி எங்கள் வாசற்படியைத் தாண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவாள். "பல்லு முளைச்சாச்சா?" என்று கேட்போம். "யாரு ஜாடை?" என்று கேட்போம். குழந்தையின் தலை தோளில் சரிந்து கிடக்கும். அப்பா வாயைத் திறப்பார். பிறகு மூடிக்கொண்டு செய்தித்தாளைக் கையில் எடுப்பார்.

"தூங்கிட்டாளா?"

அவ்வளவுதான் அந்தக் கேள்வி.

நான் எழுதப்போவது நடந்த நிகழ்ச்சி. இலக்கியத் திறனாய்வில் ஆய்வு செய்துகொண்டிருப்பவள் நான். கதை சொல்பவரை எடுத்த எடுப்பில் நம்பாதே என்பது என் துறையின் அரிச்சுவடி. ஆகவே என்னையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நேரங்களை மட்டும் கவனியுங்கள். அன்று கைப்பேசியில் குறித்தபடியே அவற்றைத் தருகிறேன். இதைக் குறித்துக்கொண்டே வரத் தோன்றியது ஏன் என்று எனக்கும் தெரியாது.

அம்மா பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவள். மிச்ச நேரத்தில் பழைய பீங்கான் பொம்மைகளைச் சேகரிப்பாள். உடைந்து வருபவற்றைச் செப்பனிடுவாள். எல்லாம் கண் மூடித் திறக்கும் வகை. கண்ணாடி விழிகளுக்குப் பின்னால், தலைக்குள், ஓர் ஈயக் குண்டு தொங்கும். பொம்மையை மல்லாக்கப் படுக்க வைத்தால் குண்டு சாயும், இமை மூடும். நிமிர்த்தினால் திறக்கும். இரண்டு முறையும் உள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும்.

டக்.

இவற்றைத் தூக்கிக்கொண்டு பயணம் போவது லேசுப்பட்ட வேலை இல்லை. மல்லாக்க வைக்கவே கூடாது. வண்டி குலுங்கினால் குண்டு பின்மண்டையில் மோதும், பீங்கான் விரிசல் விடும். குப்புறத்தான் வைக்க வேண்டும். முகத்துக்கு மெல்லிய தாள், சுற்றிலும் பஞ்சு. அசைய ஒரு விரற்கடை இடம்கூட இருக்கக் கூடாது. இதில் எனக்குச் சிறுவயதிலிருந்தே பிடிக்காதது ஒன்று உண்டு. குப்புறக் கிடக்கும் பொம்மைக்குக் கண் மூடாது. ஊர் வந்து சேரும்வரை, இருட்டுப் பெட்டிக்குள், அவை விழித்தபடியே வரும்.

ஏரிக்கரை ஊர் ஒன்றில் பொம்மைச் சேகரிப்பாளர்களின் கண்காட்சி நடந்தது. அம்மா ஐந்து பொம்மைகளை எடுத்துக்கொண்டாள். அப்பா நான்கு நாள் விடுப்பு எடுத்தார். நில அளவையாளர் அவர்; சுற்று வழிகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த ஏரிக்கரைச் சாலையைத் தவிர்ப்பதற்காகவே பதினான்கு ஆண்டுகளாகச் சுற்றுவழி போய்க்கொண்டிருந்தவர். "எத்தனை நாளைக்குத்தான் சுத்திட்டே போறது," என்றார். துணைக்குச் சித்தியும் வந்தாள்.

மூன்றாம் நாள் ஈரப் படியில் வழுக்கி அம்மாவின் வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. எனவே திரும்பும்போது பொம்மைகளைக் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. விடுதி அறையில் துண்டுகள் சிதறிக் கிடந்தன. எல்லோருக்கும் அலுப்பு. விடுமுறை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்த அலுப்பு.

"பொம்மைக்கு அஞ்சு பெட்டி. எனக்கு ஒரே ஒரு பை," என்றாள் சித்தி, கட்டிலில் சாய்ந்தபடி. "அடுத்த ஜென்மத்துல பொம்மையாப் பொறந்துடணும். குப்புறப் படுத்துட்டே ஊரைச் சுத்தலாம்."

"நீ வாங்கின தட்டு மட்டுமே ஒரு மூட்டை இருக்குடி," என்றாள் அம்மா.

"தட்டு என்னை முறைச்சுப் பார்க்காது, அக்கா."

நான்கு பெட்டிகளைக் கட்டி முடித்தேன். கடைசியாக நீலக் கோட்டுக்காரி. ஒரு முழ உயரம், நீலக் கம்பளிக் கோட்டு, இடது காலணியில் ஒரு பித்தானைக் காணோம். வீட்டில் கண்ணாடி அலமாரிக்குள் நின்றே இருப்பாள். அம்மாவைத் தவிர யாரும் அவளைத் தொட்டதில்லை. என் கைக்கு அவள் வந்தது பதினான்கு ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

"அதை எப்படி வெச்சாலும் பரவாயில்ல," என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

அலுப்பில் சொல்கிறாள் என்று நினைத்தேன். முறைப்படி குப்புறவே வைத்தேன். படம் எடுத்தேன். மணி 1:14. பெட்டியை மூடி நாடாவால் ஒட்டினேன்.

சித்தியின் தட்டு மூட்டை வண்டியின் பின்பகுதியை அடைத்துக்கொண்டது. நான்கு பெட்டிகளுக்குத்தான் இடம் இருந்தது. ஐந்தாவதைப் பின் இருக்கையில், இடது ஜன்னல் ஓரம் கிடத்தி, பெல்ட்டை மாட்டினேன். நடுவில் நான். வலப்புறம் சித்தி. உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அது யாருடைய இடம் என்று.

அப்பாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். இடப்பக்கக் கதவைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றார். பிறகு ஓசைப்படாமல் சாத்தினார். பிள்ளை படுத்திருக்கும் பக்கத்துக் கதவைச் சாத்துவது போல.

இதைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரு தங்கை இருந்தாள். சிட்டு என்று கூப்பிடுவோம். ஆறு வயது. எனக்கு அப்போது பன்னிரண்டு. இதே சாலையில், இதே போன்ற ஒரு விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அவளுக்கு லேசான காய்ச்சல். என் தொடையில் தலை வைத்து, நீலக் கோட்டுக்காரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படுத்திருந்தாள். மாலை 5:40. வண்டியின் கடிகாரம் எனக்கு நினைவிருக்கிறது. அப்பா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டா," என்றேன்.

நான் பார்க்கவில்லை. அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே ஒரு புத்தகம் இருந்தது. சுவாரசியமான இடம்.

ஐம்பது நிமிடம் கழித்துத் தண்ணீர் கொடுப்பதற்காக அம்மா திரும்பினாள். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு என்றார் மருத்துவர். யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார். எத்தனை மணிக்கு என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. பார்க்காமல்தான் பதில் சொன்னேன் என்பதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

2:05. புறப்பட்டோம். வெயில். சித்தி பத்தே நிமிடத்தில் குறட்டை விட ஆரம்பித்தாள்.

2:51. என் இடப்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டக்.

முன் இருக்கையில் அம்மாவின் முதுகு விறைத்து நிமிர்ந்தது. சாலையில் பள்ளம் எதுவும் இல்லை. குப்புறக் கிடக்கும் பொம்மை அந்தச் சத்தத்தை எழுப்ப வழியும் இல்லை. யாராவது அதைப் புரட்டினால் ஒழிய...

3:30. பெட்ரோல் நிலையம்.

"அந்தப் பெட்டியைத் திற," என்றாள் அம்மா.

நாடா ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. பிரித்தேன். நீலக் கோட்டுக்காரி மல்லாக்கக் கிடந்தாள். கண்கள் மூடியிருந்தன. அவள் முகத்தின்மேல் நான் வைத்த தாள், நான்காக மடிந்து, தலைக்கு அடியில் இருந்தது. தலையணை போல.

"குப்புற வெச்சேன்னியே?" என்றாள் சித்தி, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"வெச்சேன். இதோ, படம் இருக்கு."

"அப்போ மூடறப்போ சரியாப் பார்த்திருக்க மாட்டே."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் கைப்பேசியைப் பைக்குள் போட்டேன். அம்மா இடது கையால் பொம்மையைப் புரட்டிக் குப்புற வைத்தாள். புரட்டியபோது அந்தச் சத்தம் வரவில்லை. அதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். மீண்டும் நாடா ஒட்டினோம். இம்முறை இரண்டு சுற்று.

4:46. சாலை வலப்பக்கமாக வளைந்தது. நாங்கள் எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்தோம். பெட்டி மட்டும் வலப்பக்கம் நகர்ந்தது. என் தொடையில் வந்து முட்டியது. பெல்ட் பூட்டியபடியே இருந்தது.

தள்ளி வைத்தேன். மதியம் ஒரு கையால் தூக்கிய பெட்டி. இப்போது இரண்டு கை தேவைப்பட்டது.

5:12. மறுபடியும் வந்து முட்டியது. நேர்ச் சாலையில்.

இம்முறை தள்ளவில்லை.

5:31. டக்.

5:36. டக்... டக்... சீரான இடைவெளி. விழித்துப் படுத்திருப்பவர்கள் இமைப்பது போல. சித்தியின் குறட்டை எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"அத்தான்... கொஞ்சம் வேகமாப் போங்களேன்."

"போய்ட்டுத்தாம்மா இருக்கேன்."

அப்பா வானொலியைப் போட்டார். உடனே அணைத்தார்.

5:38. கண்ணாடியில் அவர் கண்கள் என்னைப் பார்த்தன. பெட்டியைப் பார்த்தன. உதடு பிரிந்தது.

மூடிக்கொண்டது.

5:39. டக்... டக்...

என் தொடையில் பாரம் கூடியது. சூடாக.

குனிந்தால் போதும். ஒரே ஒரு முறை.

5:40.

யாரும் கேட்கவில்லை.

டக்.

பிறகு எதுவும் இல்லை.

நான் எதிரே இருந்த கண்ணாடி வழியே சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது முறையும் நான் பார்க்கவில்லை.

7:20-க்குச் சித்தியை அவள் வீட்டில் இறக்கினோம். தட்டு மூட்டையை எடுக்க மறந்தே உள்ளே போய்விட்டாள். 8:05-க்கு எங்கள் வீடு. விளக்குகள் எல்லாவற்றையும் போட்டாள் அம்மா. பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைக்கச் சொன்னாள். அவளே இடது கையால் நாடாவைப் பிரித்தாள்.

நீலக் கோட்டுக்காரி மல்லாக்கத்தான் கிடந்தாள். ஆனால் இப்போது கண்கள் அகலத் திறந்திருந்தன.

"மல்லாக்கக் கிடந்தா கண்ணு மூடணுமேம்மா."

அம்மா பொம்மையின் பொய்முடியைத் தூக்கினாள். இவ்வகைப் பொம்மைகளுக்கு உச்சந்தலை திறந்திருக்கும்; வேலை அந்த வழியாகத்தான் நடக்கும். "டார்ச் அடிச்சுப் பாரு," என்றாள்.

பார்த்தேன். விழிகளின் பின்புறம் முழுவதும் சாந்து பூசியிருந்தது. பழைய சாந்து, பழுப்பேறிய கெட்டிச் சாந்து. ஒரு கீறல் இல்லை. குண்டு தொங்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"இது எப்போம்மா?"

"சிட்டு போன அதே வாரம். படுக்க வெச்சா இது கண்ணை மூடுது. என்னால அதைப் பார்க்க முடியலை. குண்டைக் கழட்டிட்டேன். கண்ணைத் திறந்தபடியே வெச்சுப் பூசிட்டேன்."

அவள் தன் வேலை மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். பல் அச்சுகளுக்கு அடியிலிருந்து ஒரு பஞ்சுப் பொதியை எடுத்துப் பிரித்தாள். கோலிக்குண்டு அளவில் ஓர் ஈயக் குண்டு. அதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"பதினாலு வருஷமா அந்தக் கண்ணு மூடினதில்ல. மூடவும் முடியாது. சத்தமும் வராது. பெட்ரோல் பங்க்ல மூடியிருந்துச்சு. நீயும்தானே பார்த்தே?"

"ஏம்மா அப்பவே சொல்லலை?"

அம்மா என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயத்தைவிட அலுப்பே அதிகம் தெரிந்தது.

"சொன்னா, யாராவது கேட்டுடுவீங்களேன்னுதான்."

பொய்முடியைச் சரிசெய்தாள். நான் பெட்டியை மூடினேன். அந்தக் கண்களுக்கு எதிரே என்னால் நிற்க முடியவில்லை.

8:22.

டக்.

மூடிய பெட்டிக்குள்ளிருந்து.

ஈயக் குண்டு என் கைக்குள் இருந்தது.

அப்பா வாசற்படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. பயணப் பை இன்னும் தோளில் தொங்கியது. அதை மெதுவாகத் தரையில் வைத்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"தூங்கிட்டாளா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் குண்டை மேசைமேல் வைத்தேன். பெட்டியின் மூடியில் கையை வைத்தேன். அட்டை வெதுவெதுப்பாக இருந்தது.

"அன்னைக்கு நான் பார்க்காமலே சொல்லிட்டேன்பா," என்றேன். "இருங்க... இந்தத் தடவை பார்த்துட்டுச் சொல்றேன்."