கிணறு எந்தப் பக்கம்

எங்கள் நிலத்துக்கும் சித்தப்பா நிலத்துக்கும் நடுவில் இருந்த எல்லைக்கல், கம்பெனி லாரிகளுக்காகப் பாகலூர் ரோட்டை அகலப்படுத்தியபோது காணாமல் போனது. அது எங்கே இருந்தது என்பதில் அப்பா சொன்ன இடத்துக்கும் சித்தப்பா சொன்ன இடத்துக்கும் பத்துப் பன்னிரண்டு அடி வித்தியாசம். அந்த இடைவெளியில்தான் கிணறு இருந்தது.

அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சித்தப்பாவுக்குத் தக்காளியை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. ஆனாலும் இருவரும் வார்த்தையை விட்டுவிட்டார்கள், யாராலும் இறங்கி வர முடியவில்லை. ஆளுக்கொரு வக்கீலையும் பார்த்துவிட்டு வந்தார்கள். எனக்கு அப்போது ஏழு வயது, என் கவலை வேறு. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா காய்ச்சலில் கிடந்தாளாம், சித்தப்பா வீட்டுச் சின்னம்மாதான் எனக்குப் பால் கொடுத்து வளர்த்தாள். இப்போது மூன்று மாதமாக அவள் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. கிணற்றை யாராவது எடுத்துக்கொள்ளட்டும், சின்னம்மாவை எனக்குக் கொடுத்தால் போதும் என்று இருந்தேன்.

"கோர்ட்டுக்குப் போனா உங்க பேரன் காலத்துலதான் தண்ணி எறப்பீங்க" என்று சொல்லி ஊரார் இருவரையும் உட்காரவைத்தார்கள். எங்கள் பக்கம் ஒரு பழைய வழக்கம் உண்டு. குடும்பத்துப் பிள்ளை ஒன்று தலைக்குக் குளித்து, அந்த நிலத்து மண்ணைத் தலையில் சுமந்து நடக்க வேண்டும். மண்ணை இறக்கும் இடத்தில் கல் நடுவார்கள். அதுவரை யாரும் வாய் திறக்கக்கூடாது.

பழைய கல் இருந்த இடம் என் அண்ணனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அதன்மேல் உட்கார்ந்துதான் பஸ்ஸுக்குக் காத்திருப்பான். "பெரியவன் நடக்கட்டுமே" என்றாள் அம்மா.

"சின்னவ நடக்கட்டும்" என்றார் அப்பா.

மார்கழிக் காலை. ரோட்டோரத்தில் அப்பா சொன்ன இடத்தில் எங்கள் வீட்டாரும், சித்தப்பா சொன்ன இடத்தில் அவர் வீட்டாரும் நின்றார்கள். நான் நிலத்தின் மறுகோடியிலிருந்து கிளம்பினேன். பனியில் ஒருவரும் தெரியவில்லை. ஈரப் பாவாடை காலில் ஒட்டியது, தலையில் மண் கனத்தது. கம்பெனி பஸ் ஒன்று இரண்டு மஞ்சள் வெளிச்சமாக மிதந்து போய் மறைந்தது. நான் நடக்கிறேனா, நிலம்தான் எனக்கடியில் மெல்ல நகர்கிறதா என்று சொல்ல முடியாதபடி இருந்தது. பயமே இல்லை. அப்படியே நடந்துகொண்டே இருக்கலாம் போல இருந்தது.

பிறகு பனிக்குள் ஒரு சிவப்புச் சேலை தெரிந்தது. சின்னம்மா கூப்பிடவில்லை. கை அசைத்ததாக நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாதென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். நான் நேராகப் போய் அவள் காலடியில் மண்ணை இறக்கினேன்.

வெயில் ஏறியபோது கிணறு முழுசாகச் சித்தப்பா பக்கம் இருந்தது. எங்கள் நிலம் அன்று முதல் வானம் பார்த்த பூமி. புதுக் கல்லைச் சித்தப்பாவோடு சேர்ந்து தூக்கி நட்டவர் அப்பாதான். வீட்டுக்கு வந்து நான் விசும்பி விசும்பி அழுதேன். "நீ செரியாத்தான் நடந்த கண்ணு" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அம்மா என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அன்றைக்கும் இட்லி ஊட்டித்தான் பள்ளிக்கு அனுப்பினாள். ஆனால் அப்பாவிடம் ஒரு மாதம் பேசவில்லை. கிணற்றைத் தொலைத்தவள் நான், தண்டனை மட்டும் ஏன் அவருக்கு என்று எனக்கு விளங்கவே இல்லை.